பல்லுக்குக் கம்பி போட்டாச்சு... ஈறு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பல் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல் பார்க்கிறவன். டிரான்ஸ்ஃபரில் திருவனந்தபுரம் வந்து நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் ஒன்பதாவது படிக்கிற பெண் இருக்கிறாள், அவள் பல்லில் கம்பி இருக்கிறது. இந்தப் பதிவை எழுத எனக்கு இருக்கிற தகுதி அவ்வளவுதான் :-)

நம்ம ஊரில் க்ளிப் என்போம், இங்கே கம்பி என்கிறார்கள். கரமனையில் எங்கள் தெருவில் மட்டும் கம்பி போட்ட பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் போகிற ரயிலில் ஏறினால் இன்னும் நாலு பேர். அத்தனை பெற்றோரிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு செலவு, எத்தனை மாதம், எந்த டாக்டர், மெட்டலா செராமிக்கா என்று விரல் நுனியில் வைத்திருப்பார்கள். "ஈறு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். "அதுக்கென்ன?" என்பார்கள்.

என் கருத்து இதுதான்: ஈற்றைப் பார்த்துக்கொள்ள வழி செய்யாமல் கம்பி போடக் கூடாது. வெளியூரில் குடித்தனம் நடத்துகிற குடும்பங்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். ஏன் என்று சொல்கிறேன்.

பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி நிற்கவில்லை. எலும்புக்கும் வேருக்கும் நடுவில் மெல்லிய நார்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கம்பி இழுக்கும்போது, பல் போகிற பக்கம் எலும்பு கரைகிறது, விட்டு வந்த பக்கம் புது எலும்பு வளர்கிறது. ஈறு ஆரோக்கியமாக இருந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடக்கும். ஈற்றுக்கு அடியில் நோய் முற்றி இருக்கும்போது பல்லை நகர்த்தினால், கரைந்தது கரைந்ததுதான், வரவு வைக்க ஆளில்லை.

அதோடு கம்பி என்பது அழுக்குக்கு ஒரு வீடு. ஒவ்வொரு பல்லிலும் ஒரு பிராக்கெட், அதன் மேலே கம்பி, சுற்றிலும் ரப்பர் வளையம். சாதாரணமாக நாக்கும் எச்சிலும் செய்கிற சுத்தம்கூட அங்கே நடக்காது. கம்பி போடுகிற வயதோ பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து பதினைந்து. அந்த வயதில் ஹார்மோன் காரணமாகவே ஈறு சட்டென்று வீங்கும். பல் எத்திக்கொண்டு வாய் மூடாத பிள்ளைகள் வாயால் மூச்சு விடுவார்கள், முன் ஈறு காய்ந்து இன்னும் சிவக்கும். எல்லாம் ஒரே நேரத்தில்.

"வலிச்சா சொல்லப் போறா" என்று இருக்க முடியாது. ஈறு நோய் வலிக்காது. பல் சொத்தை கத்தும், ஈறு கத்தாது. அதன் ஒரே மொழி ரத்தம்.

1965ல் டென்மார்க்கில் ஹெரால்ட் லோ என்கிற பல் மருத்துவரும் அவர் குழுவும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். எல்லோரையும் பல் விளக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்கச் சொன்னார்கள், ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆரம்பக் கட்டத்தில் பிடித்தால் செலவில்லாமல் திரும்பக் கிடைக்கிற சொத்து அது.

பிடிக்காவிட்டால்? அதற்கும் அதே ஹெரால்ட் லோதான் பதில் தேடினார், அதுவும் நம் மக்களிடம். 1970ல் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து போன தமிழர்களின் வழிவந்தவர்கள். ப்ரஷ்ஷோ பல் டாக்டரோ அவர்கள் வாழ்க்கையில் வரவே இல்லை. 1986ல் முடிவு வந்தது. பல் சொத்தை என்பது அவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் ஈறு எல்லோருக்கும் வீங்கித்தான் இருந்தது. அதில் 11 சதவிகிதம் பேருக்கு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 81 சதவிகிதம் பேருக்கு எலும்பின் பிடிமானம் மெதுவாகப் போனது. மீதி 8 சதவிகிதம் பேருக்கு இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, நாற்பத்தைந்தில் ஒரு பல் மிச்சமில்லை. ஒரு சொத்தைப் பல்கூட இல்லாமல் பொக்கை வாய்!

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, ஆலங்குச்சி, வேப்பங்குச்சி என்று பெருமை பேசுகிற நாம், "எங்க தாத்தா ப்ரஷ்ஷே பிடிச்சதில்லை, தொண்ணூறு வயசு வரைக்கும் முறுக்கு கடிச்சார்" என்று சொல்வோமே, அந்தத் தாத்தா 11 சதவிகிதத்தில் இருந்திருப்பார். இன்னொன்று, உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் இருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வங்கிக்காரர்களுக்கு இது பழக்கமான கதை. தவணை நின்று 90 நாள் தாண்டினால் கணக்கு என்.பி.ஏ. ஆகிறது. அதற்கு முன்பே, 30 நாள், 60 நாள் என்று தவறுகிற கணக்குகளைத் தனியாகக் குறித்து வைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி 2014ல் ஒழுங்கு செய்தது. எஸ்.எம்.ஏ. என்போம். அந்தக் கட்டத்தில் ஒரு போன் செய்தால் பணம் வந்துவிடும். ப்ரஷ்ஷில் ரத்தம் தெரிவது எஸ்.எம்.ஏ. எலும்பு கரைவது என்.பி.ஏ. போன எலும்பை முழுசாகத் திருப்பி வாங்குகிற டாக்டர் கிடையாது, மேற்கொண்டு போகாமல் நிறுத்தத்தான் முடியும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். வெளியூர்க் குடும்பங்களில் என்ன நடக்கிறது? மே மாத லீவில் ஊருக்குப் போகிறோம். மாமாவுக்குத் தெரிந்த டாக்டர், சார்ஜாவையும் சிங்கப்பூரையும் விடச் செலவு குறைவு, "போட்டுட்டே போயிடு" என்கிறார்கள். கம்பி ஏறுகிறது. ஜூனில் திரும்பி வருகிறோம். மாதாமாதம் பார்க்க வேண்டிய டாக்டர் எழுநூறு கிலோமீட்டரிலோ விமான தூரத்திலோ இருக்கிறார். அடுத்தது தீபாவளி லீவு, அதற்கடுத்து பொங்கல். இங்கே உள்ள டாக்டரிடம் போனால், "வேறொருத்தர் ஆரம்பித்த கேஸ்" என்று தயங்குகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, நானும் வேறு கிளை கொடுத்த கடனைப் பொறுப்பேற்கத் தயங்குவேன். பதினெட்டு மாத வேலை மூன்று வருஷம் ஆகிறது. அத்தனை நாளும் ஈறு கம்பிக்கு அடியில் ஊறிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு கூட்டம், கல்யாணத்துக்கு முன்னால் அவசரமாகக் கம்பி போடுகிற இருபத்தைந்து, முப்பது வயதுப் பெண்கள். "ஆறு மாசத்துல முடியுமா டாக்டர்?" என்று கேட்கிற அம்மாக்கள், "ஈற்றில் ஏதாவது இருக்கா, எக்ஸ்ரே எடுக்கணுமா?" என்று கேட்பதில்லை. நாற்பதில் கம்பியோ கழற்றி மாட்டுகிற அலைனரோ போடுகிறவர்களும் இப்போது அதிகம். பெரியவர்களுக்கு ஏற்கெனவே எலும்பு குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. சர்க்கரை வியாதி இருந்தால் கேட்கவே வேண்டாம். முதலில் ஈறு வைத்தியம், பிறகுதான் கம்பி. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

எதிர்ப்பக்கத்தில் சிலர், "அதான் சொன்னேன், கம்பி போட்டாலே பல் ஆடிடும்" என்பார்கள். அதுவும் சரியில்லை. சுத்தமாக வைத்திருக்கிற வாயில், தெரிந்தவர் கையால் போட்ட கம்பி ஈற்றுக்கு நிரந்தரக் கெடுதல் செய்வது அபூர்வம். குற்றவாளி அதைச் சுற்றி உட்காருகிற அழுக்கு. "க்ளீனிங் பண்ணினா பல்லு தேஞ்சிடும், இடைவெளி விழும்" என்பதும் அப்படித்தான். பல்லிடுக்கை அடைத்துக்கொண்டிருந்த காரை போனதும் இடம் காலியாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இடைவெளியை உண்டாக்கியது காரை, க்ளீனிங் இல்லை.

ஈற்றோடு போகட்டும் என்றால் பல்லும் தப்பாது. அமெரிக்காவில் 1982ல் வந்த ஓர் ஆய்வில், கம்பி போட்டவர்களில் சுமார் பாதிப்பேருக்குப் பல்லில் வெள்ளைத் திட்டு இருந்தது. பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு உட்கார்ந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிய தடம். இதற்கு ஒரு மாதம் போதும். ஐம்பதாயிரம் செலவழித்துக் கம்பியைக் கழற்றும்போது பல் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு பல்லிலும் கட்டம் போட்ட மாதிரி வெள்ளை முத்திரையும் இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? எங்கள் வீட்டில் நடைமுறையில் இருப்பதையும், விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

கம்பி போடுகிற ஊர், அடுத்த இரண்டு வருஷம் நீங்கள் இருக்கப் போகிற ஊராக இருக்கட்டும். டிரான்ஸ்ஃபர் நெருங்குகிறது என்றால் ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள், பல் எங்கேயும் ஓடாது. நடுவில் மாற்றல் வந்தேவிட்டால் எக்ஸ்ரே, அச்சு, சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

பேரம் பேசும்போதே க்ளீனிங் அந்தத் தொகையில் சேர்த்தியா என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வேண்டும், சிலருக்கு அதைவிடச் சீக்கிரம். ஈற்றுக்கென்று தனிப் படிப்புப் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள். இங்கே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1959ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியில் கம்பிக்கு ஒரு துறை, ஈற்றுக்கு ஒரு துறை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கும். ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மென்மையான ப்ரஷ், கம்பிக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, ஈறும் பல்லும் சேருகிற ஓரத்தில் ஒரு முறை. பாட்டில் கழுவுகிற ப்ரஷ்ஷின் குட்டி மாதிரி ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கிறது, கம்பிக்கு அடியில் நுழைக்க அதைவிட நல்லது இல்லை. இரவு விளக்குவதுதான் முக்கியம். சாலைக் கடைத்தெருவில் வாங்குகிற சர்க்கரை உப்பேரி, ஊரிலிருந்து வருகிற கடலைமிட்டாய், இரண்டுமே கம்பி கழற்றுகிற வரைக்கும் விருந்தாளிகளுக்கு மட்டும்.

ரத்தம் வந்தால் அந்த இடத்தை விளக்காமல் விடுவது பிள்ளைகளின் வழக்கம். அங்கேதான் மெதுவாக, கூடுதல் நேரம் விளக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் டாக்டர். அதைவிட முக்கியம், ரத்தம் என்று சொன்னதும் "ஒழுங்கா விளக்கினாத்தானே" என்று பாயாதீர்கள். ஒரு தடவை திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த தடவை சொல்லாது, துப்பிவிட்டுக் குழாயைத் திறந்துவிடும்.

ஈறு என்றால் தமிழில் முடிவு என்றும் ஓர் அர்த்தம் உண்டு. பல்லின் கதை அங்கேதான் முடிகிறது, ஆரம்பிப்பதும் அங்கேதான்.

இன்று ராத்திரி பிள்ளையை விளக்கடியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.