வக்காலத்து இல்லாத வழக்கு

வழக்கறிஞர் தொழிலின் மேன்மையை வென்ற வழக்குகளைக் கொண்டும் ஈட்டிய பொருளைக் கொண்டும் மதிப்பிடுவது உலக வழக்கமாயினும், தம்மைத் தேடி வரவும் சக்தியற்ற ஓர் ஏழைக்காக ஒருவர் நியாயஸ்தலத்தின் படியேறினாரா என்பதைக் கொண்டே நான் அதை மதிப்பிட விரும்புகிறேன். அவ்வாறு எண்ணும்போது என் நெஞ்சில் முதலில் நிற்பவர், நைரோபியில் பிறந்து, கார்டிஃபில் பயின்று, டில்லி உச்ச நீதிமன்றத்தில் தொழில் புரிந்து, 2013இல் மறைந்த புஷ்பா கபிலா ஹிங்கோரானி அம்மையாரே ஆவார்.

1979 ஜனவரியில், தேசியப் போலீஸ் கமிஷன் உறுப்பினராயிருந்த கே. எஃப். ருஸ்தம்ஜி, பீகார் சிறைகளின் அவலத்தை ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ பத்திரிகையில் எழுதினார். குற்றம் நிரூபணமாகித் தண்டனை பெற்றிருந்தாலும் அனுபவித்திருக்க வேண்டாத நீண்ட காலத்தை, விசாரணையே தொடங்காமல், ஜாமீன் கட்ட வகையற்ற ஒரே காரணத்தால் ஏழைகள் பலர் அங்கே கழித்துக்கொண்டிருந்தனர். சாட்சி சொல்ல வேண்டிய பெண்கள் சிலரும் ‘பாதுகாப்பு’ என்ற பெயரால் அடைக்கப்பட்டிருந்தனர்.

பாதிக்கப்பட்டவரோ அவருடைய உறவினரோ அன்றிப் பிறர் வழக்குத் தொடுக்கலாகாது என்பது அக்காலத்து மரபாயிருந்தும், எந்தக் கைதியும் வக்காலத்து எழுதிக் கொடுக்காதிருந்தும், அந்தக் கட்டுரைகளையே ஆதாரமாகக் கொண்டு அம்மையார் ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்தார். ஹுசைனாரா காதூன் என்ற பெண் கைதியின் பெயரால் வழங்கும் அவ்வழக்கில், விரைவான விசாரணை அரசியல் சாசனத்தின் 21ஆம் ஷரத்து அளிக்கும் உரிமையின் இன்றியமையாத அங்கமே என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். அதன் பயனாக நாடெங்கும் ஏறத்தாழ 40,000 விசாரணைக் கைதிகள் விடுதலை பெற்றனர்; பொதுநல வழக்கு என்னும் மார்க்கமும் பிறந்தது.

அம்மையாரின் பணி அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. பாகல்பூரில் போலீசாரால் கண் பறிக்கப்பட்டவர்களுக்காக அவர் வாதாடினார். 1968இல் குற்றமற்றவரெனத் தீர்ப்பாகியும் 1982 வரை சிறையிலேயே வைக்கப்பட்டிருந்த ருதுல் ஷா என்பவருக்காகவும் வாதாடினார். 1983இல் அவருக்கு 30,000 ரூபாய் இடைக்கால நஷ்டஈடாக வழங்கும்படி பீகார் அரசுக்கு உத்தரவு பிறந்தது. இழந்த பதினான்கு ஆண்டுகளுக்கு அது எவ்வகையிலும் ஈடாகாதெனினும், பிரஜையின் சுதந்திரத்தைப் பறித்த அரசு அதற்குப் பதில் சொல்லியே தீரவேண்டும் என்ற தர்மம் அன்று நிலைபெற்றது.

ஆயினும், இன்றும் நம் நாட்டுச் சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகளாகவே இருக்கின்றனர். இலவசச் சட்ட உதவிக்குச் சாசனத்தில் 39ஏ ஷரத்தும், அதை நிறைவேற்ற 1987ஆம் ஆண்டின் சட்டமும் இருந்தும் இந்நிலை நீடிப்பதற்கு, தீர்ப்புகளின் பலனை ஒவ்வொரு கைதியிடமும் கொண்டு சேர்ப்பார் குறைவாயிருப்பதே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். ஆதலால், கறுப்பு அங்கியை இவ்வாண்டு புதிதாக அணியும் இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: உங்கள் ஊர்ச் சிறைக்குச் சென்று, ஜாமீன் உத்தரவு கிடைத்தும் பணமில்லாமையால் வெளிவர இயலாதவர் யாரெனக் கேளுங்கள், உங்கள் முதல் கட்சிக்காரர் அவராயிருக்கட்டும்.