கணக்கில் வராத சித்தி

சித்தப்பாவுக்கு ஒரே மாசத்தில் ரெண்டு வேலை கிடைத்தது. சிங்கப்பூர், துபாய். "பி.காம். படிக்கிறியே, கணக்குப் போட்டுச் சொல்லுடா" என்றார். போட்டேன். துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, ஆனால் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் அதை முழுங்கிவிடும் (ரெண்டு வாலுங்க!). சிங்கப்பூரே ஜெயித்தது.

அப்புறம்தான் உறைத்தது. சித்தி பன்னிரண்டு வருஷமாக ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறார். சிங்கப்பூரில் 2021 மே முதல், டிபெண்டன்ட் பாஸில் போகிறவர் ஒரு கம்பெனியில் சேர, தனக்கென்று தனியாக வேலை பாஸ் வாங்க வேண்டும். துபாயில் கணவர் விசாவிலேயே இருக்கலாம். வேலை தரும் கம்பெனி பெர்மிட் எடுத்தால் போதும். சித்தியிடம் யாருமே கேட்கவில்லை, நான் உட்பட.

என் ஓட்டு துபாய்க்குத்தான். சித்தப்பா இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.