பி.டி. பீரியடைக் கடன் கேட்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதே கண்ணு. ஜனவரியில் சென்னை மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓடி முடித்து, மெடலைக் கடித்தபடி போட்டோ போட்டவள். நானும் ஹார்ட் போட்டேன். அவள் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் பள்ளியில் பெற்றோர்கள் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறார்களாம். வாரத்தில் இருப்பதே இரண்டு பி.டி. பீரியட். அந்த இரண்டையும் நீட், ஜே.இ.இ. பயிற்சிக்கு மாற்ற வேண்டும் என்று மனு. "டீச்சர், ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுங்க, உங்க தமிழ் நல்லா இருக்கும்" என்றாள்.

திருத்தித் தர மாட்டேன். காரணத்தை எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். இதே ஆசை உங்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பி.டி. பீரியடை எடுத்துக்கொண்டவள் நான்தான். "போர்ஷன் முடியலை சார், இன்னிக்கு ஒரு நாள் குடுங்க" என்று பி.டி. சாரிடம் கேட்பேன். அவர் பாவம், மறுக்க மாட்டார். அந்த ஒரு நாள் வாராவாரம் வந்தது. 40 நிமிட பீரியட், வருஷத்துக்குச் சுமார் 35 வாரம், வகுப்பில் 40 பிள்ளைகள். பெருக்கிப் பாருங்கள். 56,000 நிமிடம், அதாவது 933 மணி நேரம். ஒரே வருஷத்தில், ஒரே வகுப்பில் நான் எடுத்துக்கொண்ட விளையாட்டு அவ்வளவு. கடன் என்று சொல்லித்தான் வாங்கினேன். ஒரு நிமிடம்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஒரு பையன் ஒவ்வொரு வியாழக்கிழமையும் எழுந்து நின்று கேட்பான், "டீச்சர், இன்னிக்காவது விடுவீங்களா?" நான் சாக்பீஸைக் காட்டி உட்காரச் சொல்வேன். இரண்டு வருஷம் முன்னால் மனைவி பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்தான். 41 வயது. காபியை நீட்டினேன். "சர்க்கரை வேண்டாம் டீச்சர், மாத்திரை சாப்பிடறேன்" என்றான். என் கை ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டது.

நான் பி.டி. பீரியடை எடுத்ததால்தான் அவனுக்குச் சர்க்கரை வந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு உதாரணத்தை வைத்து நிரூபித்துவிட முடியாது என்று நானே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரத்துக்கு 420 நிமிடம். பள்ளி கொடுப்பது 80. அதிலும் பாதியை நான் எடுத்தேன். மீதியையும் நீங்கள் கேட்கிறீர்கள்.

"இது போட்டி உலகம் டீச்சர்" என்பீர்கள். சரி, போட்டியைப் பற்றியே பேசுவோம்.

நம் பள்ளி விளையாட்டு விழா நினைவிருக்கிறதா? நூறு மீட்டர் ஓட்டம். முதல் மூன்று பேருக்கு டிபன் பாக்ஸ், சோப்பு டப்பா. நாலாவதாக வந்த பிள்ளையை மறுபடி யாரும் ஓடக் கூப்பிட்டதில்லை. நாற்பது பேரில் மூன்று பேருக்கு ஓட்டம் வரும், மற்றவர்களுக்கு வராது என்று பன்னிரண்டு வயதிலேயே முடிவு கட்டிவிட்டோம். பெரிய பெண்ணான பிள்ளைகளை வரிசையிலேயே நிற்கவிடவில்லை. அது போட்டியே இல்லை, வடிகட்டல். இப்போது கோச்சிங் என்ற பெயரில் நீங்கள் செய்வதும் அதே வடிகட்டல்தான்.

நீண்ட தூர ஓட்டம் வேறு கணக்கு. அது எனக்கு அறுபதை நெருங்கும்போதுதான் தெரிந்தது. ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பேசிக்கொண்டே ஓட முடிந்தால் சரியான வேகம், வார்த்தை வராமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இந்த ஒரு விதியைத்தான் இன்று வரை வைத்திருக்கிறேன். "இந்த வயசுல ஷூ மாட்டிக்கிட்டு ஓடறீங்களே அண்ணி, நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றாள் என் நாத்தனார். நாலு பேரும் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வேளச்சேரி மெயின் ரோட்டில் தண்ணி லாரியும் நாய்களும்தான் முழித்திருந்தன.

62 வயதில் முதல் முறையாக 10 கிலோமீட்டர் போட்டியில் ஓடினேன். ஒரு மணி 42 நிமிடம். எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும்தான் வந்தது. ஆனாலும் போட்டி போட்டேன். போன மாதத்து என்னோடு. முதலில் வந்தவருக்கும் எனக்கும் கழுத்தில் விழுந்த மெடல் ஒன்றுதான். அன்றைக்கு எனக்கு என் வகுப்பில் நாலாவதாக வந்த பிள்ளைகள் எல்லோரும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

என்னை விடுங்கள். 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் சர்க்கரை நோயும், விபத்தில் அடிபட்ட காலும் இருந்தும் நூற்றுக்கு மேல் அரை மாரத்தான் ஓடியவர். கட்சி எதுவாக இருந்தாலும் காலைப் பாருங்கள். பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் 2000இல் லண்டனில் முதல் மாரத்தான் ஓடியபோது அவர் சொன்ன வயது 89. 2011இல் டொராண்டோவிலும் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அவரைப் பதிவு செய்யவில்லை. அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

பெரியவர்கள் எந்த வயதிலும் ஆரம்பிக்கலாம் என்பதற்கு இவர்கள் சாட்சி. அதற்காகப் பிள்ளைகளைக் காக்க வைக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

பிள்ளையை மெடலுக்காக ஓட வைக்கச் சொல்கிறேன் என்றும் நினைக்காதீர்கள். 2006இல் ஒடிசாவில் புதியா சிங் என்ற நாலு வயதுக் குழந்தையை பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீட்டர் ஓட வைத்தார்கள். நாடே கைதட்டியது. பிறகு அரசு தலையிட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. ஓட விடாமல் உட்கார வைப்பதும், ஓட வைத்து வேடிக்கை காட்டுவதும் ஒரே தப்பின் இரண்டு பக்கம். இரண்டிலும் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

"ஸ்கூல்ல கிரவுண்டே இல்லையே டீச்சர்." அதைத்தான் மனுவாக எழுத வேண்டும்! 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. லட்சக்கணக்கில் பீஸ் கட்டுகிறீர்கள், மைதானம் எங்கே என்று கேட்க ஏன் வாய் வரவில்லை?

"மார்க் குறைஞ்சா?" முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு நடத்தியவள் சொல்கிறேன். பி.டி. பீரியடில் நான் நடத்திய பாடம் யார் தலையிலும் ஏறியதில்லை. உங்கள் கண் ஜன்னல் பக்கம் இருந்தது. எனக்குத் தெரியும், தெரிந்தும் நடத்தினேன்.

போன் செய்தாயே கண்ணு, உனக்குத்தான் இது. நீ அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, விலை உயர்ந்த ஷூ வாங்கி, நுழைவுக் கட்டணம் கட்டி ஓடுகிறாயே, எதைத் தேடி? நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதைத்தான் நாற்பது வயதில் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறாய். உன் மகனுக்கு அது வாரம் 80 நிமிடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பிடுங்கச் சொல்லி நீயே கையெழுத்துப் போடலாமா? போடுவதற்கு முன் அவனை ஒரு வார்த்தை கேள்.

மனுவைத் திருப்பி எழுதுவதாக இருந்தால் அனுப்பு. பி.டி. பீரியடை யாரும் தொடக்கூடாது, கணக்கு டீச்சர் உட்பட என்று முதல் வரி இருக்கட்டும். ஒற்றுப்பிழை இல்லாமல் திருத்தித் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு ஏரிக்கரையில் இருப்பேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மெடல் கிடையாது, சுண்டல் உண்டு.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்