முதலில ரயர், பிறகு றிம்

எங்கட பெடியளுக்கு 'ஸ்போர்ட்ஸ் கார்' எண்டால் பெராரி இல்லை. 1995இல் வந்த ஈகே வகை ஹொண்டா சிவிக்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிண்டது. தனியார் கார்களுக்குக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆச்சு. இடைப்பட்ட காலத்தில புதுசு வாங்க வழியில்லை, பழசைத்தான் வடிவாக்கினோம். அது பிழையில்லை. பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் சோடிச்சுப் பாக்கிற நாட்டில காருக்கு மட்டும் ஏன் தடை? 'வீண் செலவு' எண்டு சொல்லுற பெரியாக்களோடு நாங்கள் உடன்படேல்லை.

ஆனால் காசு எந்த ஒழுங்கில போகுது எண்டதில எங்களுக்கு ஒரு சண்டை இருக்கு.

முதலில எல்லாரும் ஓடுறது பெரிய றிம்முக்கு. அதிலயும் 1996இல் ரேஸ் நிறுவனம் வெளியிட்ட டீஈ37இன் கொப்பிக்கு. அசல், அலுமினியத்தை அழுத்தி அடிச்சுச் செய்தது. அதனாலதான் பாரம் குறைவு, பலம் கூட. கொப்பியோ அதே வடிவத்தில வார்த்து ஊத்தினது. வார்ப்பு கெட்டது எண்டில்லை, கொம்பனிக் காரோடு வாற அலோய் பெரும்பாலும் வார்ப்புத்தான். ஆனால் அது சோதிச்சு வந்தது. பேர் தெரியாத கொப்பியை ஆர் சோதிச்சது? றிம்மில ஜேடபிள்யூஎல் எண்ட யப்பான் தர முத்திரை இருக்கோ எண்டு பாருங்கோ. முத்திரையையும் கொப்பி அடிக்கலாம்தான். ஆனால் அதுவும் இல்லாததைத் தொடவே வேண்டாம். றிம் பெருக்கப் பெருக்க ரயரின் பக்கச்சுவர் மெலியும். குழியில விழுற அடி நேரா றிம்முக்குப் போகும். வெடிக்கிறது றிம் மட்டுமில்லை, உள்ளுக்குள்ள இருக்கிறது எங்கட சிநேகிதர்.

மலிவா வேணுமோ? பழைய கொம்பனி அலோய் தேடுங்கோ. ஈகே சிவிக்கின் நட் அமைப்பு 100 மில்லிமீற்றர் வட்டத்தில 4. ஹொண்டா ஃபிட்டுக்கும் அதேதான், நடு ஓட்டையும் அதே 56.1 மில்லிமீற்றர். ரொயோட்டா விட்ஸுக்கும் நட் அமைப்பு ஒண்டுதான், ஆனால் நடு ஓட்டை 54.1, சிவிக்கில ஏறாது. 'நாலு நட்டும் பொருந்துது' எண்டு விக்கிறவரிட்ட இதைக் கேளுங்கோ. ஓஃப்செற்றையும் பாக்கவேணும், இல்லாட்டி ரயர் உள்ளுக்கோ மட்கார்ட்டிலயோ உரசும்.

அதுக்கும் முதல் ரயர். ரோட்டைத் தொடுறது அது மட்டும்தான். பக்கச்சுவரில 4 இலக்கம் இருக்கும்: 3519 எண்டால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில செய்தது. கட்டை நல்லா இருந்தாலும் ரப்பர் வயசு போனால் இறுகிப்போகும், மழையில பிடிக்காது.

ஸ்பொய்லர் ஆசைக்காரருக்கு ஒரு செய்தி: சிவிக்கை இழுக்கிறது முன் சில்லு. பின்னால பெரிய செட்டை பூட்டி முன்னுக்கு ஒரு லாபமும் இல்லை. 'இனிஷியல் டி' பாத்தவைக்குத் தெரியும், தக்குமியின்ர ஏஈ86இன் கதவில இருந்த எழுத்து தோஃபுக் கடையின் பேர். அந்தக் காரை இண்டைக்கும் ஞாபகம் வைச்சிருக்கிறம்.

ஆகவே எங்கட ஒழுங்கு இது: ரயர், பிறேக், பிறகு பெயின்ற், பிறகு றிம். ஸ்பொய்லர் கடைசி. காசு அதுவரைக்கும் வராட்டிலும் பரவாயில்லை.