படகு ஓட்டத் தெரிந்தவர் யார்? பட்டியலில் இருக்கிறதா?

சென்னை வெள்ளத்துக்கு (2015) அடுத்த ஆண்டு, பேரிடர் தொண்டர்களுக்கான "ஆப்தா மித்ரா" திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. முதலில் 30 மாவட்டங்களில் 6 ஆயிரம் பேர். பிறகு 350 மாவட்டங்களில் 1 லட்சம் பேர் என்று இலக்கு உயர்ந்தது.

பெட்டியில் தூங்கும் சான்றிதழ்

கட்டாயப் பயிற்சிக்கு மேல் ஒரு தொண்டர் தானாகவே முதலுதவி படிக்கலாம். படகு ஓட்டப் பழகலாம். சான்றிதழ் வீட்டுப் பெட்டியில் தூங்கினால் யாருக்கு லாபம்?

நள்ளிரவில் தண்ணீர் புகுந்தால் அதிகாரி கையில் இருப்பது பெயர்ப் பட்டியல்தான். "இவருக்குப் படகு தெரியும்" என்று ஒரு வரி இருந்தால், சரியான ஆளுக்கு டெலிபோன் போகும். இல்லாவிட்டால் படகுக்காரர் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார்!

பயிற்சி முடித்த தேதியும் கூடவே ஏற வேண்டும். பழகாத கை மறந்துபோகுமே!