ஏஜிவி பாதையின் சாவி யார் கையில்?

ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பு எனக்கு. ஸ்டோர்ஸிலிருந்து லைனுக்குச் சரக்கு இழுப்பவை டிரைவர் இல்லாத ஏஜிவி வண்டிகள். வண்டிகள்மேல் எனக்குப் புகார் இல்லை. பாதை போடும் விதத்தில்தான் சண்டை.

பாதை போட வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். லைன் ஓடாது, தளத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. லேப்டாப்பில் வரைபடம் ஏற்றி, எது குறைந்த தூரமோ அதில் கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். கணக்கு சுத்தமானதுதான். 1959-இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட முறை. 1968-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தில் மூன்று பேர் அதை வேகமாக்கி 'ஏ-ஸ்டார்' என்று தந்தார்கள். மீட்டரை மிச்சப்படுத்தச் சொன்னால் அது மீட்டரை மிச்சப்படுத்தும். மதியம் ஷிஃப்ட் மாறும்போது அந்த வழியில் எத்தனை பேர் நடப்பார்கள் என்று நாம் சொல்லாவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

எங்கள் பாதை பஞ்சிங் மெஷினுக்கும் லாக்கர் அறைக்கும் நடுவே போகிறது. ஒரு ஷிஃப்ட் வெளியேற, இன்னொன்று உள்ளே வரும். ஆள் குறுக்கே வந்தால் லேசர் ஸ்கேனர் வண்டியை நிறுத்தும்; நிறுத்தத்தான் வேண்டும். ஆள் நகர்ந்ததும் கிளம்பும், அரை அடிகூடப் போகாது, அடுத்த ஆள். முன்வண்டி காலி செய்யாத பாதைக் கட்டத்துக்குள் பின்வண்டி நுழையாது. காலி டிராலியோடு எதிரே திரும்பி வருவதும் அதே கட்டத்துக்காகக் காத்திருக்கும். 'நீ போ, நீ போ' என்று மூன்றும் மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் ஒரு கான்ட்ராக்ட் பையன் வந்து, ஒன்றை மேனுவலில் போட்டுப் பின்னால் இழுப்பான். அதற்குள் லைனில் பிராக்கெட் தீர்ந்து, சிக்கலைக் காட்டும் ஆண்டன் விளக்கு சிவப்பாகியிருக்கும். திட்டு விழுவது ஸ்டோர்ஸுக்கு, மென்பொருளுக்கு இல்லை.

தீர்வு ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. கேண்டீன் பின்புறமாகச் சுற்றி ஒருவழிப் பாதை போட்டால் தூரம் கூடும், எதிரெதிர் முட்டல் ஒழியும். ஷிஃப்ட் மாறும் கால்மணி நேரம் லாக்கர் பக்கத்தை மூடி வைக்கலாம். தளத்தில் நடக்கிறவர் எவரும் இதைச் சொல்வார். கேட்கத்தான் ஆள் இல்லை.

பாதையை மாற்றுவது ஒரு காலத்தில் நிஜமாகவே கஷ்டம். 1950-களில் அமெரிக்காவில் ஓடத் தொடங்கிய இந்த வகை வண்டிகள் கம்பியைப் பின்பற்றிப் போயின. கம்பி தரைக்குள் இருந்தால், பாதையை மாற்றத் தளத்தை வெட்ட வேண்டும். இன்று பல வண்டிகளுக்குப் பாதை திரையில் இருக்கும் கோடு மட்டுமே, இழுத்து மாற்றினால் மாறிவிடும். ஆனால் பாஸ்வேர்டு இருப்பது வண்டியை விற்றவரிடம். ஒரு வளைவை நகர்த்த மெயில் அனுப்பி, கொட்டேஷன் வாங்கி, ஒப்புதலுக்குக் காத்திருக்கிறோம். கான்கிரீட்டை வெட்டுவதே சுலபம் போலிருக்கிறது.

வண்டி வாங்கும் நிர்வாகங்களுக்கு என் கோரிக்கை: பாதையைத் திருத்தும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பாதுகாப்பு அதிகாரி கையெழுத்தில்லாமல் எந்தத் திருத்தமும் நடப்புக்கு வரக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருக்கட்டும். முதல் கோடு போடும் நாளை வேலைநாளாக வையுங்கள். ஸ்டோர்ஸ் ஆளும் லைன் ஆளும் பக்கத்தில் நிற்கட்டும்.