போலீசுக்கா, பிள்ளைக்கா?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பாலத்தடியிலும் சிக்னல் ஓரத்திலும் கயிறு கட்டி ஹெல்மெட்டுகளைத் தொங்கவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு வரிசை, பிள்ளைகளுக்குப் பொம்மைப் படம் போட்ட இன்னொரு வரிசை. நாம் வண்டியைக்கூட அணைப்பதில்லை. முந்நூறு சொன்னதை இருநூற்றைம்பதுக்குப் பேசி, பிள்ளையின் தலையில் கவிழ்த்து, "புடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அதை ஒருமுறையாவது திருப்பி உள்ளே பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

பெற்றோரே, கோபத்தோடுதான் எழுதுகிறேன். கத்தரிக்காயைக் காம்பு பார்த்து, அழுத்திப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். பிள்ளையின் மண்டையைக் காக்க வேண்டிய பொருளுக்கு மட்டும் அந்தக் கவனம் எங்கே போயிற்று?

இன்றைக்கே அதைத் திருப்பிப் பிடியுங்கள். துணியை ஓரமாக விலக்கினால் தெர்மாகோல் போன்ற, ஆனால் கெட்டியான, தடித்த ஓர் அடுக்கு தெரிய வேண்டும். அடி விழும்போது தான் நசுங்கி அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதுதான். மலிவுச் சரக்கில் பல சமயம் அந்த இடத்தில் ஒட்டவைத்த ஸ்பாஞ்ச் மட்டுமே இருக்கும். தலைக்கு மெத்தென்று இருக்கும். தரையில் மோதினால் அதனால் பயனில்லை. இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்துங்கள், ஓடு வளைந்துகொடுக்கிறதா? தாடைப் பட்டையை மாட்டி வெடுக்கென்று இழுங்கள், கிளிப் கையோடு வருகிறதா? வந்தால் அது ஹெல்மெட்டே இல்லை.

"ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே" என்பீர்கள். ஸ்டிக்கர் அடிப்பது பெரிய வித்தையா? அசல் முத்திரையின் மேலே ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். ஒன்று குறைந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். இரண்டும் இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால், அது எந்தக் கம்பெனிக்குத் தரப்பட்டது, இன்னும் செல்லுபடியாகிறதா என்பது வந்துவிடும். போலி போடுகிறவர் வேறொரு கம்பெனியின் உண்மையான எண்ணையே எடுத்து அச்சடிக்கவும் கூடும். அதனால் திரையில் வரும் பெயரும் கையில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஒரு நிமிட வேலை. ரீல்ஸ் பார்க்கிற அதே போனில்தான்.

2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்பதே குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது சட்டம். அப்படியும் தெருவில் தொங்குகிறதென்றால், வாங்க நாம் நிற்கிறோம் என்பதும் ஒரு காரணம். விற்கிற ஏழையை நான் திட்டவில்லை; அவருக்கு அது பிழைப்பு. தெரிந்தே வாங்குகிற நம்மைத்தான் கேட்கிறேன்.

4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கும் 2023 பிப்ரவரி 15 முதல் ஹெல்மெட்டும், ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். அந்தக் குழந்தையோடு போகும்போது வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. "போலீஸ் நிறுத்தினா காட்டத்தானே" என்று சொல்லும் அப்பாக்களைப் பள்ளி வாசலில் பார்க்கிறேன். அம்மாக்களும் உண்டு. 1,000 ரூபாய் அபராதத்துக்குப் பயப்படுகிறோம், தார்ச் சாலைக்குப் பயப்படவில்லை.

பணமில்லை என்பவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் பிறந்தநாள் கேக்குக்கு ஆயிரம் ரூபாய் எடுக்கிற கை, ஏறத்தாழ அதே விலையில் கிடைக்கும் நல்ல ஹெல்மெட்டுக்கு ஏன் தயங்குகிறது?

விளையாட்டுச் சாமானுக்கும் இதே கதைதான். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. திருவிழாக் கடையில் பாட்டுப் பாடும் பிளாஸ்டிக் காரை எடுக்கும்போது முத்திரையைத் தேடுங்கள். பட்டன் பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பேட்டரியை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் 2 மணி நேரத்திலேயே வெந்துபோகலாம்.

எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் தராத கடையில் பிள்ளைக்கு எதுவும் வாங்காதீர்கள். போலி என்று தெரிந்தால் அதே பி.ஐ.எஸ். கேர் செயலியில் புகார் கொடுங்கள், இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். வீட்டில் கிடக்கும் அந்த இருநூற்றைம்பது ரூபாய் ஹெல்மெட்டை வேறு யாருக்கும் தானமாகக் கொடுத்துவிடாதீர்கள். பட்டையை அறுத்து, ஓட்டை உடைத்துக் குப்பையில் போடுங்கள்.